பின்கதவுக் கண்ணாடி

“மெக்கானிக்குன்னு திரியிறவனெல்லாம் அரைகுறைப் பயலுக. இதுக்கு மூளை வேணும்” என்றபடி காரின் பின்கதவு பேனலை நெம்பினான் அழகுராசா. கண்ணாடி இறங்கவில்லையென்று காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறான். இரண்டு கிளிப்புகள் உடைந்ததுதான் மிச்சம்.

“ஆளைக் கூப்பிடலாமேங்க?” என்றாள் மனைவி முத்துமீனா.

“ஒனக்கு என்ன தெரியும்? போயி அடுப்பைப் பாரு.”

அவள் போகவில்லை. அம்புட்டு மூளையும் வியர்வையாக வழிவதை வேடிக்கை பார்த்தாள்.

வயரை இழுத்தான், மோட்டாரைத் தட்டினான், பேனலைக் குத்தி அடைத்து மாட்டினான். சுவிட்சை அழுத்தினால் கண்ணாடி அசையவேயில்லை.

முத்துமீனா டிரைவர் சீட்டில் ஏறி ஒரு பட்டனைத் தட்டினாள். “இப்ப அழுத்துங்க.”

கண்ணாடி சர்ரென்று இறங்கியது.

“என்னடி பண்ணுன?”

“பின்கண்ணாடிக்கு லாக் போட்டிருந்துச்சு. எடுத்துவிட்டேன்.”

“எவன் போட்டது?”

“நீங்கதான். போன வாரம் திருமங்கலத்துலருந்து எங்கப்பாவைக் கூட்டியாரப்ப, ‘இந்தாளு கண்ணாடியை எறக்கி வெத்தலையைத் துப்பிக் காரை நாறடிச்சிருவாரு’ன்னு போட்டீங்க.”

அழகுராசாவின் முகம் சுண்டியது. “தெரிஞ்சுக்கிட்டேவா காலையிலருந்து வாயைப் பொத்திக்கிட்டு நின்ன?”

“எங்கப்பாவும் அதைக் கேட்டுட்டு, வீடு வர்ற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டுத்தானே வந்தாரு?”