பேரைச் சொன்னால் கதவு திறக்கும்

வார்டர் சிவசாமி மீது கைதி தைரியநாதன் எழுதிய குற்றச்சாட்டுகள், வரிசை மாறாமல்:

ஒன்று. ஈஸ்டர் பாஸ்கு முடிந்த வாரம், ஆவூரிலிருந்து தன்னைப் பார்க்க வந்த மனைவியை ஜெயில் வாசலோடு திருப்பி அனுப்பியது.

இரண்டு. ஆடி மாதம், புழுதிக் காற்றில் சாயங்காலம் வரை நிற்கவைத்துத் திருப்பி அனுப்பியது.

மூன்று. ஐப்பசியில், கொட்டுகிற மழையில், அதே மாதிரி.

நான்கு. இன்று, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. இந்த நிமிஷமும் அவள் வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

ஜெயிலர் அறையில் நின்று தைரியநாதன் இதை உரக்க வாசித்தார். விவசாயிகள் சங்கத்துக்காக உள்ளே வந்து ஒன்பது மாதம் ஆகிறது. கூடவே இரண்டு கைதிகளைச் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். பெரியண்ணன், பிச்சை.

"நாளைக்கு என்னை வடக்க வேற ஜெயிலுக்கு மாத்துறீங்க. அம்புட்டுத் தூரம் அவ வர முடியுமா? இன்னைக்கு விட்டா எப்பவோ!"

 வாசித்த தாளை ஜெயிலர் மேசைமேல் வைத்தார்.

கைதிகளைப் பார்க்க மனுப்போடும் ஒவ்வொரு ஞாயிறும் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாக வருவார்கள். தன் மனைவி வந்து திரும்பிப் போன சேதியும், இன்று வாசலில் நிற்கிற சேதியும் புதிதாக உள்ளே வருகிறவர்கள் சொல்லித்தான் தெரியும். போன வாரம், அவள் கன்னத்து மரு இடது பக்கமா வலது பக்கமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. அன்றுதான் இந்தப் புகாரை எழுத உட்கார்ந்தார்.

"என்ன சிவசாமி?" என்றார் ஜெயிலர்.

"ஐயா, வாசல் ஜன்னல்ல நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். யாரைப் பாக்கணும்? வந்த ஆளு தன் வாயால பேரைச் சொல்லணும். போன வருஷம் ஒருத்தி அக்கான்னு வந்து, கம்பி அறுக்குற அரத்தைக் குடுத்துட்டுப் போயிட்டா. அதுலேர்ந்து இந்த ரூல்."

"சரி."

"இந்தம்மா அதை மட்டும் சொல்ல மாட்டேங்குது. புருஷன் பேரைச் சொல்லக் கூடாதாம். பக்கத்துல நின்ன பொம்பளை, 'நான் சொல்றேன்யா'ன்னா. யாரு வேணாலும் சொல்லலாம்னா அப்புறம் எதுக்குக் கேக்குறது?"

"சாடையாவது காட்டுச்சா?"

"காட்டுச்சுங்க. 'எதுக்கும் பயப்படாத ஆளு'ன்னுச்சு. இங்க உள்ள அரசியல் கைதி அத்தனை பேரும் தன்னை அப்படித்தானேங்க சொல்லிக்கிறாங்க!"

பிச்சை சிரித்துவிட்டு, தைரியநாதன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

தைரியநாதனின் கோபம் வார்டரை விட்டு வாசலில் நின்ற மனைவி மேல் தாவியது.

"இதுக்காகவா? புருஷன் பேரைப் பொம்பளைங்க தாராளமாச் சொல்லலாம்னு நாப்பது மேடையில பேசியிருக்கேன். நோட்டீஸ் அடிச்சுக் குடுத்திருக்கேன்!"

"நானே செவுத்துல ஒட்டியிருக்கேன்" என்றார் பெரியண்ணன்.

"ஊரைத் திருத்தி என்ன செய்ய? என் வீட்டுக்குள்ளேயே இந்த மூடத்தனம். அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒம்பது மாசம் நான் இப்படித் தவிச்சிருக்க வேணாம்!"

"அவங்க உங்க பேரைச் சொல்லாட்டியும் பரவாயில்லைங்க" என்றார் ஜெயிலர். "அதுக்கும் வழி வச்சிருக்கோம். நீங்க உள்ள வந்த அன்னைக்கு, யார் யாரு பாக்க வரலாம்னு ஒரு சீட்டுல எழுதச் சொன்னோமே. வர்றவங்க தன் பேரைச் சொன்னாப் போதும். சீட்டுல இருந்தா விட்டுருவோம்."

"எழுதியிருக்கேனே! என் கையாலயே எழுதியிருக்கேன். அவ பேரைச் சொல்லலையா?"

"ஒவ்வொரு தடவையும் சொல்லுச்சுங்க" என்றார் சிவசாமி. "பக்கத்துல நின்ன பொம்பளை சொன்னதை வச்சு, அதை ஒங்ககிட்டச் சொல்ல ரெண்டு தடவை வந்தேன். 'ஏவல் ஆளோட எனக்கென்ன பேச்சு'ன்னு முதுகைக் காட்டிட்டீங்க."

"சீட்டை எடுங்க. சாட்சி இருக்கையிலேயே படிங்க!"

சிவசாமி கட்டைப் பிரித்து, பழுப்பேறிய ஒரு சீட்டை எடுத்தார்.

"ஒண்ணு, சங்கச் செயலாளர் ஞானராஜ். ரெண்டு, வக்கீல் முத்துராமன். மூணு, அச்சாபீஸ் சந்தனராஜ்..."

ஒவ்வொரு பேருக்கும் தைரியநாதன் தலையை ஆட்டினார். ஒரு தோழரைக்கூட விடவில்லை. ஊர் பேரோடு, தொழிலோடு, முத்து முத்தாக எழுதியிருந்தார்.

"பதினொண்ணு, டெய்லர் ஆதப்பன். பன்னெண்டு..."

சிவசாமி நிறுத்தி ஜெயிலரைப் பார்த்தார்.

"படிய்யா."

"பன்னெண்டு, சம்சாரம்."

"பேரு?"

"அம்புட்டுத்தாங்க எழுதியிருக்கு."

 நோட்டீஸ் ஒட்டிய பெரியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயிலர் பேனாவை மையில் தொட்டார். "இப்பச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். சாட்சிக்கும் கேக்கட்டும்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இந்தா. ஏய். ஏ புள்ள. அவளை அழைக்க இதற்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. மைக் இல்லாமலே ஆயிரம் பேருக்குக் கேட்கும் குரல் முதல் தடவை வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை, ஜெயிலர் காதருகே குனிந்துதான் வந்தது.

எழுதிய ஈரம் காயுமுன் சீட்டை வாங்கிக்கொண்டு சிவசாமி அறையின் வாசல் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். உள்ளே நின்ற இரண்டு சாட்சிக்கும், வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"அற்புதமேரி!"