மூன்று ஒயர்

"கம்பத்துக் கயித்தை இறுக்கச் சொல்லு."

மொட்டை மாடியில் நின்று சொன்னேன். இறுக்க வேண்டியவர் கீழே நின்ற மச்சான். நான் சொன்னது என் மனைவியிடம்.

அவள் மாடிப்படியின் நடுவில் நின்றிருந்தாள். "அண்ணா, கயித்தை இறுக்கணுமாம்."

"இறுக்கியாச்சுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, பாப்பா."

"இறுக்கியாச்சாம்."

எனக்கும் காது கேட்கும், அவருக்கும் கேட்கும். இடையில் இருப்பது பதினாறு படி. ஆனாலும் இரண்டு வருடமாக எங்கள் பேச்சு அவள் வழியாகத்தான் போய் வருகிறது.

காரணம் ஒரு பேட்டரி. இன்வெர்ட்டருக்கு நானே மாட்டினேன், பிளஸ்ஸை மைனஸிலும் மைனஸைப் பிளஸ்ஸிலும். குப்பென்று புகை வந்தது. மச்சானுக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். சும்மா இருப்பாரா? சொந்தக்காரர்கள் நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், "பிளஸ் எது மைனஸ் எதுன்னு தெரியாதவருக்கா பொண்ணைக் கொடுத்தோம்?" என்றார்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

இப்போது தினமும் மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் போகிறது. அதற்குத்தான் இந்தக் காற்றாடி. மாடியில் பதினைந்தடிக் கம்பம், உச்சியில் மூன்று இறக்கை. அது சுற்றினால் கீழே பேட்டரியில் சார்ஜ் ஏறும்.

இன்றைக்கே முடிக்க வேண்டும். நாளைக் காலை மனைவிக்குத் தொண்டையில் சின்ன ஆபரேஷன், குரல் நாணில் அரிசி அளவுக் கட்டி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மச்சான் இங்கேயே தங்கப்போகிறார்.

"நாளைக்கு நடுவுல நான் இருக்க மாட்டேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். தகரத்தில் ஆணி கீறுகிற குரல். "ரெண்டு பேரும் இப்படியே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களா? பிள்ளைங்க பார்க்குதுங்க."

நான் கூரையைப் பார்த்தேன். மச்சான் தரையைப் பார்த்தார்.

காற்றாடியிலிருந்து மூன்று ஒயர் படிக்கட்டுச் சுவரோரமாக இறங்குகிறது. பேட்டரி மாட்டும் வரை மூன்றின் நுனியையும் ஒன்றாக முறுக்கி வைக்க வேண்டும். அதுதான் பிரேக். முறுக்கியிருந்தால் எந்தக் காற்றுக்கும் இறக்கை சோம்பேறித்தனமாக அசையும். பிரிந்தால் கடிவாளம் போன குதிரை.

மீதி ஒயரைச் சுருட்டி நடுப்படிச் சுவரில் மாட்டி, நுனியை நானே முறுக்கினேன். கறுப்பு டேப் சுற்றினேன், எண்ணி நான்கு சுற்று. இந்த முறை யாரும் வாயைத் திறக்க முடியாது.

கம்பத்தின் கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது காற்று எழுந்தது.

தலைக்கு மேல் 'விர்' என்றது. பிறகு ஊளையிட்டது.

நிமிர்ந்தேன். இறக்கைகளைக் காணோம். வட்டம்தான் தெரிந்தது. கம்பத்தின் நடுக்கம் என் பாதம் வரை வந்தது.

"ஒயர் பிரிஞ்சிருக்கு! உங்க அண்ணன்கிட்ட சொல்லு!"

அவள் சொல்லவில்லை. தொண்டையில் கை வைத்தபடி நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"மச்சான்!"

கத்திவிட்டேன். "ஒயர் பிரிஞ்சிருச்சு மச்சான்! மூணையும் சேருங்க!"

குறடோடு பாதிப் படி ஏறியிருந்தார் அவர். "இந்த வேகத்துல சேர்த்தா காயில் கருகிடும் மாப்ள! எனக்கு இங்கேருந்து றெக்கை தெரியல. காத்து அடங்குறப்ப நீங்க குரல் கொடுங்க!"

"இருங்க மச்சான்..."

"கம்பம் என் தலையிலதான் விழும்போல!"

"இருங்கன்னா இருங்க!"

காற்று மூச்சு வாங்கியது. வட்டம் கலைந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று இறக்கைகள் கண்ணில் பட்டன.

"இப்போ!"

ஊளை நின்றது. கம்பமும் அடங்கியது.

பேட்டரி அறைக்கு இறங்கி வந்தேன். மச்சான் பேட்டரிக்கான சிவப்பு ஒயரைத் தூக்கிக் காட்டினார்.

"இது எதுல மாப்ள?"

"பிளஸ்லதான் மச்சான்."

"கேட்டுக்கிறது நல்லதில்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். பேட்டரியை மாட்டி, பிறகு காற்றாடியின் மூன்று ஒயரையும் கீழே இறக்கி, பிரித்து, சார்ஜ் ஏற்றும் பெட்டியில் சேர்த்தோம். பச்சை விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏற ஆரம்பித்தது.

"எல்லாம் சரி மாப்ள. ஒரு டேப் ஒழுங்கா சுத்தத் தெரியலையே? வெயிலுக்கே கழண்டுடுச்சு பாருங்க."

சுருக்கென்றது. நான்கு சுற்று. எண்ணிச் சுற்றியது. பதில் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

திரும்பினேன். மேஜையில் நாளைக்கு எடுத்துப்போக வேண்டிய ஆஸ்பத்திரி ஃபைல் திறந்து கிடந்தது. மேல் தாளில் ஒரு வரியின் கீழ் டாக்டர் சிவப்புக் கோடு போட்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது.

போன வாரத் தேதி.

இரண்டு வருடம் எங்கள் சொல் ஒன்றைக்கூடத் தவறவிடாதவள், இதை மட்டும் எங்களிடம் சொல்லவில்லை.

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். இடது கை வளையலில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. கிழியாமல், முழுசாக, நான்கு சுற்று நீளம்.

போய் அதை உரித்தேன். உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"ஆமா மச்சான்" என்றேன். "நான்தான் சரியா சுத்தல."