நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஆட்டுக்குட்டிகளுக்கும் கன்றுக்குட்டிகளுக்கும் கால்பந்துப் போட்டி. நடுவர்கள் இரண்டு ஆட்காட்டிக் குருவிகள். அவர்கள் குரல்தான் விசில். மைதானத்தில் ஒரு பாதியை மூத்தவளும் மறுபாதியை இளையவளும் பார்த்துக்கொள்வார்கள். விதிப்படி இருவரில் யார் வேண்டுமானாலும் எந்தப் பாதியிலும் கத்தலாம். ஆனால் போன போட்டியில் தங்கையின் பாதியில் நடந்த தவறுக்கு மூத்தவள் கத்தியதும், இளையவள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

“ஏன் அக்கா, என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

அதன்பிறகு மூத்தவள் நடுக்கோட்டைத் தாண்டிக் குரல் கொடுப்பதில்லை.

இன்று இளையவளின் பாதியில், செவலைக் கன்று பந்தை விட்டுவிட்டுக் கறுப்புக் குட்டியின் காலை வேண்டுமென்றே மிதித்தது. குட்டி விழுந்தது. மூத்தவள் பார்த்தாள். தொண்டை வரை வந்த குரலை விழுங்கிக்கொண்டாள்.

ஆட்டம் நிற்கவில்லை. பந்து திரும்பி அங்கேயே வந்தது. அதைத் துரத்தி வந்த கன்றுகள் விழுந்து கிடந்த குட்டியின் மேல் ஏறிப் போயின. அப்போதுதான் இரண்டு குருவிகளும் சேர்ந்து கத்தினார்கள்.

“வெயில் கண்ணுல அடிச்சுதுக்கா,” என்று இளையவள் அழுதாள். “எனக்குத் தெரியலைன்னாலும் நீ கத்துவேன்னு இருந்துட்டேன்.”

கால் முறிந்த குட்டியைச் சாக்கில் கிடத்தி இழுத்துப் போனார்கள். மூத்தவள் கூடவே நடந்தாள்.

“ரொம்ப வலிக்குதா கண்ணு?”

குட்டி அவளை நிமிர்ந்து பார்த்தது.

“முதல்ல மிதிச்சப்பவே நீங்க பாத்தீங்கல்ல, அத்தை? இப்போ கத்துவீங்க, இப்போ கத்துவீங்கன்னுதான் நான் எழுந்திரிக்காமப் படுத்திருந்தேன்.”