பாதிப் பாதி எருமை

"வாங்க மாப்ள! இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

கட்டிலில் சாய்ந்திருந்த ஜலீல் வாத்தியார் போட்ட சத்தத்தில், வார்டு வாசலில் நின்ற மனிதர் திடுக்கிட்டார். வேட்டி, சட்டை, தலையில் துண்டால் இறுக்கிய உருமாக்கட்டு. ஐம்பது வயதிருக்கும்.

அவர் யாரென்று ஜலீலுக்குத் துளியும் தெரியாது. கூப்பிட்டதற்குக் காரணம் வேறு.

மண்டைக்குள் தேங்கிய நீரை வயிற்றுக்கு வடித்துவிட அவருக்கு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். ஷன்ட் என்று பெயர். முதலில் வைத்தது அடைத்துக்கொண்டது. மறுபடி திறந்து, ஐந்து மணி நேரம் போராடி வேறு குழாய் வைத்தார்கள். "வைகையில தண்ணி இல்ல. இந்த மனுசன் மண்டையில மட்டும் எங்கிருந்துதான் ஊறுதோ!" என்று மனைவி ஹாஜரா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

நேற்று செல்லூரிலிருந்து பார்க்க வந்த சொந்தத் தம்பி சிராஜிடம், "ஆம்புலன்ஸை ஓரமா நிறுத்துங்க டிரைவர்," என்று சொல்லிவிட்டார் ஜலீல். பக்கத்தில் நின்ற டாக்டர் பிரியம்வதாவின் முகம் சுருங்கியது.

"ஸ்கேன் பாதிதான் சொல்லும் சார். மீதியை உங்க ஞாபகம்தான் சொல்லணும். நாளைக்கும் பழகின ஆளைத் தெரியலைன்னா, இன்னொரு தடவை திறந்து பார்க்கிறதைத் தவிர வழியில்லை."

மூன்றாவது தடவையா! முப்பது வருடமாகப் பிட் அடித்த பிள்ளைகளைக் காதைத் திருகி வெளியே தள்ளியவர், தானே பிட் அடிக்கத் துணிந்தார். வாசலில் எவன் தலை தெரிந்தாலும் அவன் தெரிந்தவன்தான்!

வந்த மனிதர் ஜலீலைப் பார்த்தார். சார்ட்டும் கையுமாக நின்ற நர்ஸ் மதுவந்தியைப் பார்த்தார். ஒரு நொடி தயங்கினார். பிறகு முகமெல்லாம் மலர, "மாப்ள! எப்படிய்யா இருக்க?" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜலீலுக்குப் பகீரென்றது. குருட்டாம்போக்கில் எறிந்த கல் நிஜமான சிநேகிதன் மேலேயே விழுந்திருக்கிறது! இவ்வளவு பாசமானவனையா மறந்து தொலைத்தோம்?

"யாருங்க இவுக? நான் பார்த்ததே இல்லையே," என்றாள் ஹாஜரா.

"பேரைச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்," என்று பேனாவைத் திறந்தாள் மதுவந்தி.

"பேரா? நாங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டதே கிடையாது. என்ன மாப்ள?"

"ஆமா மாப்ள. நமக்குள்ள பேரு எதுக்கு?"

"சரி, எங்க பழக்கம்?" மதுவந்தி விடுவதாக இல்லை.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வாடிப்பட்டி..." என்று இழுத்தார் ஜலீல்.

"சந்தையில!" என்று முடித்தார் வந்தவர். "மாட்டுச் சந்தையில."

"வாத்தியாருக்கு மாட்டுச் சந்தையில என்ன சோலி?" என்றாள் ஹாஜரா.

ஜலீல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மாடு வாங்கத்தான்."

"எருமை," என்று திருத்தினார் மற்றவர். "ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம்ல."

"யா அல்லாஹ்! இத்தனை வருசமா எனக்குத் தெரியாம ஒரு எருமையா? அது இப்ப எங்க?"

"வித்துட்டோம்," என்றார் ஜலீல்.

"செத்துப் போச்சு," என்றார் வந்தவர், அதே நொடியில்.

மதுவந்தியின் பேனா நின்றது.

"அதாவது, வித்தோம்," ஜலீல் அவசரமாகச் சேர்த்தார். "வாங்கினவன் வீட்டுல போய்ச் செத்துப் போச்சு. எங்க பிரிவைத் தாங்கல."

"பச்சத் தண்ணி குடிக்கல மாப்ள அது." அந்த மனிதர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜலீலுக்கும் கண் கலங்கியது. எருமை வாலை ஆட்டிக்கொண்டு கண் முன்னாலேயே நின்றது. "கொம்பு ஒண்ணு வளைஞ்சிருக்கும்ல?" என்றார் தழுதழுத்து.

"வலது கொம்பு மாப்ள!"

'பழைய ஞாபகம் மிகத் தெளிவு' என்று எழுதி அடிக்கோடிட்டாள் மதுவந்தி. ஹாஜராவும் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "வாயில்லா சீவன், பாவம்." சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, அம்புட்டுப் பாலும் எங்க போச்சு? நம்ம வீட்டுக்கு ஒரு ஆழாக்குக்கூட வந்ததில்லையே?"

நல்ல வேளையாக, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் பிரியம்வதா உள்ளே வந்தார்.

"எருமைக் கொம்பு வரைக்கும் ஞாபகம் இருக்கு. போதும் சார், இனி உங்க மண்டையில கை வைக்க மாட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" ஜலீல் தலையணையில் தொப்பென்று சாய்ந்தார். இனிமேலாவது இந்த உத்தமனின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டர் அந்த மனிதர் பக்கம் திரும்பினார். "நீங்க இங்கயா இருக்கீங்க கருப்பு? மாடியில பெட்ல ஆளைக் காணோம்னு உங்க சம்சாரம் நாகஜோதி அழுதுக்கிட்டு இருக்காங்க. காலையில அவங்களையே யாருன்னு கேட்டீங்களாமே? குழாய் வேலை செய்யலைன்னு நாளைக்கு மறுபடி திறக்கிறதா இருந்தேன். சிநேகிதரை இவ்வளவு ஞாபகம் இருந்தா, உங்களுக்கும் வேண்டாம். பத்து நிமிஷம் பேசிட்டு மேல வாங்க."

டாக்டர் வெளியே போகும்வரை காத்திருந்த கருப்பு, ஜலீலின் காதருகே குனிந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்ங்க. ஆமா... நீங்க யாருங்க?"