பதினொரு மணிச் சத்தம்

செந்துறைப் பக்கம் எங்கள் பருத்திக் கொல்லையில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. அப்போதெல்லாம் தினமும் பதினொரு மணிக்கு ஒரு சின்ன வெள்ளை விமானம் தாழப் பறந்து போகும். யாரோ ஒருவருடைய சொந்த விமானம். ஓட்டுகிறவர் கையாட்டுவார். பருத்தி எடுக்கும் நாங்களும் ஆட்டுவோம். பொங்கல் சமயத்தில் ஒரு நாள் இறக்கையைச் சாய்த்துக்கூடக் காட்டினார். அந்தச் சத்தம் கேட்டால்தான் புளியமரத்தடிக்குக் கஞ்சி குடிக்கப் போவோம்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சத்தம் வரவில்லை. இன்னும் மணி ஆகவில்லை என்று பருத்தி எடுத்துக்கொண்டே இருந்தோம். இன்ஜின் நின்றுபோன விமானம் ஓசையில்லாமல் வந்து புளியமரத்தில் மோதி விழுந்தது. மரத்தடியில் இருந்த தூக்குவாளிகள் நசுங்கின. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகும் பதினொரு மணிக்குச் சத்தம் வருகிறது. வானத்தில் ஒன்றும் இருக்காது. "பிளேன்காரத் தம்பி போயிருச்சு, வாங்கடி" என்பாள் மலர்கொடி அக்கா. போய்ச் சாப்பிடுவோம்.

இன்று, புதிதாக வேலைக்கு வந்த வேணி போனை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, மணி பன்னண்டாவுது. பசிக்குது. மரத்தடிக்குப் போவலாமா?"

"சத்தம் வரலடி. யாரும் போவாதீங்க" என்றாள் மலர்கொடி அக்கா.

சற்று நேரத்தில் இறக்கை விரித்த நிழல் ஒன்று பருத்திச் செடிகளின் மேல் ஊர்ந்து புளியமரத்தை நோக்கிப் போனது. வேணி மட்டும் அண்ணாந்து பார்த்தாள். நாங்கள் குனிந்தபடியே, பறித்த பருத்தியோடு கையைத் தூக்கி ஆட்டினோம்.