தெளியப்போகும் தண்ணீர்

மீன்தொட்டியின் ஸ்கிம்மர் களகளவென்று அழுக்கை நுரையாக மேலே தள்ளுகிறது. அதன் கிண்ணத்தைக் கழுவி மாட்டிவிட்டு, தண்ணீரைத் தெளியவைக்கும் கரிப்பையை அலசி எடுத்துக்கொண்டு அவள் கடல்மீன் தொட்டி முன்னால் நிற்கிறாள். கணவர் இறந்துபோன நாளிலிருந்து யாரும் கரி மாற்றவில்லை. தண்ணீர் மஞ்சளித்துக் கிடக்கிறது. அந்த மஞ்சளுக்குப் பின்னால், அவருடைய துண்டு போட்ட நாற்காலியில் அவரே உட்கார்ந்திருப்பது போல மங்கலாகத் தெரிகிறது. “போடும்மா, வெளிச்சம் பத்தாம பவளம் சுருங்குது,” என்கிறாள் மகள். “அப்பா இருந்தா, ‘என் பிள்ளைங்களை இப்படியா பார்த்துக்கறே’ன்னு உன்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பார். நாளைக்கே தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும்.” “அதான்டி பயமா இருக்கு.” சுருங்கிய பவளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பையை மெல்ல வடிகட்டிக்குள் இறக்குகிறாள். ஈரக்கையைத் துடைக்காமலே, தொட்டி வழியாக அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.