முட்டைக் கூட்டின் சூடு

“இன்னும் ஒரு எடந்தான் பாக்கி, எந்திரி” என்று மருமகளைக் கைபிடித்து எழுப்பினாள் நல்லம்மாள்.

ஷாமினிக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும், பக்கத்தில் முதலையே படுத்திருந்தாலும் பரவாயில்லை. வரிசையாக மூன்று பிரசவம் கண்ட உடம்பு. சின்னது தோளில் தூங்க, பெரியவை இரண்டும் வேலிக்கம்பியில் தொங்கின. கணவன் தீபன் மர நிழலில் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

மூன்றும் பெண்கள்தான். “அம்மா பேரன் பேரன்னு உயிர எடுக்குது. இன்னொன்னு பாக்கலாம்லா” என்று நேற்று இரவும் தீபன் ஆரம்பித்தான். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியாரின் இருமல் கேட்டது. எதையும் நேரில் கேட்காமல் மகன் வழியாகவே சொல்லி அனுப்புகிறாளே என்று ஷாமினிக்கு எரிச்சலாக வந்தது.

காலையில் எழுந்ததும் ஈப்போ பக்கம் முதலைப் பண்ணைக்குப் போயே ஆகவேண்டும் என்றாள் நல்லம்மாள். போன மாதம்தான் கோயில் பெண்களோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டை ஓரத்துச் சதுப்பில் ஒரு குப்பைமேட்டைக் காட்டினான் வழிகாட்டி சீனி. அதுதான் முதலைக் கூடாம். புல்லும் சேறும் குவித்து உள்ளே முட்டையிட்டு, உடும்பு தின்றுவிடாமல் தாய் அங்கேயே காவல் கிடக்குமாம்.

“குட்டி ஆணா பொண்ணான்னு கூட்டோட சூடுதான் முடிவு பண்ணும். தாய் கையில ஒண்ணும் இல்ல” என்றான்.

நல்லம்மாள் அதை மறுபடி சொல்லச் சொன்னாள். ஷாமினிக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை பேர் முன்னால் குத்திக்காட்டத்தான் இந்த வெயிலில் இழுத்து வந்தாளா? சண்டை போடத் தெம்பில்லை. சரியென்று சொல்லிவிட்டு எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

“அத்தை, இன்னொண்ணு பெத்துக்கிறேன். விட்டுருங்க” என்றாள்.

நல்லம்மாள் தூங்கும் பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மருமகளைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டு நிறுத்தி, சீனியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். தீபன் முழுவதையும் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“பேரன் வேணும்னு நான் உங்கிட்ட எப்படா கேட்டேன்?”